பார்க்கவில்லை என்று சொன்னவர்

போன மாதம் ஒரு டென்னிஸ் போட்டிக்கு விருந்தினராக அழைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள், உயரமான நாற்காலியில் ஒரு சேர் அம்பயர், பந்து பொறுக்கும் பிள்ளைகள். அவ்வளவுதான். கோடுகளுக்குப் பின்னால் யாருமே இல்லை. பந்து வெளியே விழுந்தால் ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஒரு குரல் ‘அவுட்’ என்கிறது. சுற்றிலும் இருக்கிற கேமராக்கள் பார்த்துச் சொல்கின்றன.

எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் மனத்தாங்கல் எதுவும் இல்லை. மயிரிழையைக் கூடப் பிரித்துச் சொல்கிறது. வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் நடுவர் ஒருத்தி கேட்டாள்: “மேடம், முன்னாடி இந்தக் கோட்டுக்கெல்லாம் ஆள் நிப்பாங்களாமே. அத்தனை பேரையும் நீங்கதான் தேடிப் புடிச்சீங்களாமே. எப்படி நம்பி நிறுத்தினீங்க?”

ஆட்டம் நடக்கும்போது பேசக்கூடாது. அதனால் அப்போது பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்தவர். நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். சர்வதேசப் போட்டிக்கு லைன் அம்பயர்கள் தேவை, தேர்வானால் அலுவலகத்தில் சிறப்பு விடுப்பு உண்டு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். விடுப்புக்காகத்தான் பெயர் கொடுத்தேன். டென்னிஸ் மட்டையை அதுவரை கையால் தொட்டதில்லை.

“ஏட்டி, கோட்டப் பாக்கதுக்கு ஒரு ஆளா?” என்று அப்பா சிரித்தார். “பந்து போட்டவனுக்குத் தெரியாதா, உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பயிற்சியின் முதல் நாளில் சர்வீஸ் கோட்டுக்கு நேராக என்னை உட்கார வைத்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆட்டக்காரர் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தார். சத்தம் கேட்டது. பிறகு பின்னால் திரைத்துணியில் ‘தொப்’பென்று இன்னொரு சத்தம். இரண்டுக்கும் நடுவில் எதையுமே நான் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் பார்க்கவில்லை.

“என்னம்மா பார்த்தீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஒண்ணுமே தெரியல மேடம்.”

“நல்லது. பொய் சொல்லல. நாளைக்கும் வாங்க.”

அதுதான் ஃபிலோமினா மேடம். சாந்தோம்காரர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் நடந்த தொழில்முறைப் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் நடுவர் குழுவின் தலைவர். நாங்கள் சீஃப் என்போம். யாரை எடுப்பது, யாரை எந்தக் கோட்டில் நிறுத்துவது, யாருக்கு எப்போது ஓய்வு, யார் தேறினார், யார் தேறவில்லை, எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்ட விதிகளுக்கு ரெஃப்ரீ, ஆட்களுக்கு சீஃப்.

பயிற்சி இரண்டு வருடம் போனது. பந்தைத் துரத்தாதே, அது வந்து விழப்போகிற கோட்டுக்குக் கண்ணை முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்து என்பதுதான் அதன் சாரம். சொல்ல எளிது. டென்னிஸ் நன்றாக ஆடுகிறவர்களுக்கு இது வரவே வராது. அவர்கள் கண் பந்தோடு ஓடிவிடும். எனக்கு ஆட்டமே தெரியாததால் கோட்டைப் பார்ப்பதில் சிரமம் இருக்கவில்லை. வெளியே என்றால் குரலும், பக்கவாட்டில் நீட்டிய கையும். உள்ளே என்றால் குரல் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்துத் தாழ்த்திக் காட்ட வேண்டும். யாராவது மறைத்து, பந்து விழுந்ததைப் பார்க்க முடியாமல் போனால் இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக் காட்ட வேண்டும். ‘நான் பார்க்கவில்லை’ என்று அர்த்தம். அப்போது சேர் அம்பயர் பார்த்திருந்தால் அவர் சொல்வார். அவரும் பார்க்கவில்லை என்றால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும்.

இந்தக் கடைசிச் சைகையைப் பயிற்சியில் எல்லோரும் செய்துகாட்டுவோம். கூட்டத்துக்கு நடுவே செய்ய வேண்டி வரும்போதுதான் அதன் கனம் தெரியும்.

ஃபிலோமினா மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் நடுவர் அறைக்கு வந்ததும் ஒவ்வொருவரிடமும் போய் “தூங்கினீங்களா?” என்று கேட்பார். தூங்கவில்லை என்று சொன்னவரை அன்றைக்கு முக்கியமான ஆட்டத்தில் நிறுத்த மாட்டார். ஆனால் அதற்காக முகம் சுளிக்கவும் மாட்டார். தூங்கினேன் என்று பொய் சொன்னவர்களை எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். யாரையும் நாலு பேர் முன்னால் திருத்த மாட்டார். கசப்பான சேதி சொல்ல வேண்டுமென்றால் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க” என்பார். அவர் நாற்காலியைத் தொட்டாலே எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

சில வருடங்களுக்குப் பிறகு என்னைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். ஆள் தேடுகிற வேலை என்னிடம் வந்தது.

கல்லூரிகள், வங்கிகள், பள்ளிகள் என்று எங்கெங்கோ போய்த் தேடினேன். ஆனால் எனக்குக் கிடைத்தவர்களிலேயே சிறந்த கண், தேடாமல் கிடைத்தது. அலுவலக வழக்கு ஒன்றுக்காக சைதாப்பேட்டை நீதிமன்றம் போயிருந்தேன். வாய்தா போட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் ஒரு திடலில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரிய சண்டை. ரன் அவுட் கொடுத்த அம்பயரை மட்டையோடு ஒருவர் நெருங்கிக்கொண்டிருந்தார்.

“யோவ், நான் உன் அக்கா புருஷன்யா! எனக்கே அவுட்டு குடுக்குறியா?”

“மாமா, நீ அக்கா புருஷன்னு கோட்டுக்குத் தெரியுமா? பேட்டு கோட்டாண்ட வரல. காத்துல கீது. நான் இன்னா பண்ண?”

“வூட்டுக்கு வா, உன்ன வச்சிக்கிறேன்.”

“வரேன். அங்க வந்து அடி. இப்ப வெளிய போ மாமா, ஆட்டம் நடக்கணும்.”

அந்த அம்பயருக்கு முப்பது வயது சொச்சம் இருக்கும். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். ஆட்டம் தொடர்ந்தது. நான் அங்கேயே நின்று, ஓவர் முடிந்ததும் போய்ப் பேசினேன். பெயர் தயாளன். மின்சார ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை.

“டென்னிஸா? எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது மேடம்” என்றார்.

“அதுதான் வேணும்” என்றேன்.

ஒரே சீசனில் பயிற்சியை முடித்தார். பேஸ்லைன் நாற்காலியில் அவர் உட்காருவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். மைதானத்தின் ஓரத்தில், கடைசிக் கோட்டுக்கு நேராக அந்த நாற்காலி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கோடு ஒரு ஒற்றை நூலாகத் தெரியும். தயாளன் முன்னால் குனிந்து, முழங்காலில் கைவைத்து, அந்த நூலைப் பிடித்தால் உலகத்தில் வேறு எதுவும் அவருக்குக் கிடையாது. ஒரு தடவை அவர் தோளில் காகம் எச்சமிட்டது. அசையவில்லை. வெளிநாட்டு சேர் அம்பயர்கள் பெயர் சொல்லி அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இனி அந்த அரையிறுதி.

நம் ஊர்ப் பையன் ஆதித்யா, அடையாறில் வளர்ந்தவன், முதன்முறையாகப் பெரிய போட்டியின் அரையிறுதிக்கு வந்திருந்தான். எதிரே ஓர் ஐரோப்பியர். ஸ்டேடியத்தில் உட்கார இடமில்லை, படிக்கட்டெல்லாம் ஆட்கள். மூன்றாவது செட். சாயங்கால வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஆதித்யாவுக்கு மேட்ச் பாயின்ட் வந்தது. அந்த ஒரு புள்ளியை எடுத்தால் அவன் இறுதிப் போட்டியில்.

நான் மைதானத்தின் மூலையில், ஆட்டக்காரர்கள் வருகிற வாசலருகே நின்றிருந்தேன். உதவியாளர் நிற்க வேண்டிய இடம் அது. ஆதித்யா ஓடிவந்து ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்தான். பந்து எதிர்ப்பக்கத்தின் தூர மூலைக்குப் போய் விழுந்தது. ஐரோப்பியர் தொடக்கூட இல்லை. ஸ்டேடியம் மொத்தமும் எழுந்துவிட்டது. ஆதித்யா மட்டையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

அந்தப் பக்கத்து பேஸ்லைனில் தயாளன் இருந்தார். அவர் கையைப் பார்த்தேன். தரையைப் பார்த்துத் தாழவில்லை. பக்கவாட்டில் நீளவும் இல்லை. இரண்டு கைகளும் மெதுவாக மேலே போய் அவர் கண்ணை மூடின.

சேர் அம்பயர் அவரைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அந்த வருடம் எங்களிடம் மறுபடி பார்க்கிற மின்னணு வசதி எதுவும் கிடையாது. சிமென்ட் தரையில் பந்தின் தடமும் விழாது. மைக்கில், புள்ளியை மறுபடி ஆடுங்கள் என்று அறிவித்தார்.

கத்திக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வந்த சத்தத்தையும் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. தயாளன் கையை இறக்கி, முழங்காலில் வைத்துக் குனிந்து, மறுபடி கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி ஆடிய புள்ளியை ஆதித்யா இழந்தான். பிறகு அந்த கேமை. பிறகு செட்டை. ஆட்டமே போயிற்று. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பந்து கோட்டின் வெளி விளிம்பைத் தொட்டிருந்தது. உள்ளேதான். ஆதித்யா ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்.

நடுவர் அறைக்கு நான் வருவதற்குள் போட்டியின் இயக்குநர் அங்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அவர் முகம் சிவந்திருந்தது.

“மேடம், ஸ்டேடியம் முழுக்கப் பார்த்திருக்கு. அந்த ஆளுக்கு மட்டும் கண்ணு தெரியலையா?”

ஃபிலோமினா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க.”

“உட்கார நேரமில்ல. நாளைக்கு ஃபைனல். சிங்கிள்ஸ் போச்சு, டபுள்ஸ் ஃபைனல்லயாவது ஆதித்யா இருக்கான். அதை நம்பித்தான் டிக்கெட் வாங்கியிருக்காங்க. நாளைக்கு அந்த ஆள் கோர்ட்டுல நிக்கக்கூடாது.”

“அவர் செஞ்ச தப்பு என்ன?”

“பேசாம கையைக் கீழ காட்டியிருக்கலாம்ல? எல்லாருக்கும் உள்ளன்னு தெரியுது. எதிராளியே கை குடுக்க வந்துட்டான்.”

“அவர் பார்க்கல சார். பார்க்காம கையைக் காட்டினா, நாளைக்கு அவர் காட்டுற எந்தக் கையையும் நான் நம்ப முடியாது. நாளைக்கு யார் நிக்கணும்னு நான் ராத்திரிக்குள்ள முடிவு பண்றேன். அது என் வேலை. நீங்க ரெஃப்ரீகிட்டயும் பேசுங்க, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் உட்காராமலே போய்விட்டார்.

தயாளன் அறையின் கோடியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேடம் அவரிடம், “ஒரு பந்து எடுத்துக்கிட்டு வாங்க. கோமதி, நீங்களும் வாங்க” என்று நடந்தார்.

கூட்டம் கலைந்திருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. முழங்கால் வலி வேறு. பேஸ்லைன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, கையை முழங்காலில் வைத்தார். என்னை அந்த ஐரோப்பியர் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். தொலைக்காட்சியில் காட்டிய இடத்தில், கோட்டின் விளிம்பில், தயாளனைப் பந்தை வைக்கச் சொன்னார்.

“கோமதி, அவர் எப்படி நகர்ந்தார்?”

“பின்னாடி ரெண்டு எட்டு வச்சார் மேடம்.”

“வைங்க.”

வைத்தேன்.

“தயாளன், நீங்க எந்தப் பக்கம் சாய்ஞ்சீங்க?”

“பின்பக்கமா மேடம். அவரு முன்னாடி மறைச்சிக்கினு நின்னாரு. சரின்னு நான் பின்னால சாஞ்சேன். அவரும் அப்டியே பின்னால வந்துட்டாரு.”

மேடம் பின்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து பார்த்தார். என்னை மறுபடி நகரச் சொன்னார். மறுபடி சாய்ந்தார். இப்படிப் பல முறை. முழங்கால் வலியில் அவர் உதட்டைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. விளக்குகள் ஏற்றினார்கள். அந்தப் பெரிய காலி ஸ்டேடியத்தில் எங்கள் மூன்று பேரையும் ஒரு பந்தையும் தவிர ஒன்றும் இல்லை. வழிபாட்டுக்குப் போன இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில் எழுந்து, அந்த நாற்காலியைத் தயாளன் பக்கம் திருப்பி, “உட்காருங்க” என்றார்.

தயாளன் உட்கார்ந்தார்.

“ஆழமா வர்ற பந்துக்கு ஆட்டக்காரர் பின்னாடிதான் போவார். முன்னாடி வர மாட்டார். நீங்க முன்பக்கம் சாய்ஞ்சிருந்தா பார்த்திருக்கலாம். இப்போ நான் பார்த்தேன். சாய்ஞ்சது தப்பு.”

“ஆமா மேடம்.”

“கையால கண்ணை மூடினீங்களே, அது சரி. அதுல ஒரு குத்தமும் இல்ல.”

தயாளன் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“மேடம், பந்து உள்ளதான் பட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். சவுண்டு அப்டி கேட்டுச்சு. அந்தப் பையன் கைய தூக்கிட்டான். ஜனமெல்லாம் எந்திரிச்சி நிக்குது. எனக்கும் நம்ம ஊரு புள்ளதானே. கை கீழதான் போவுது, அப்டியே இழுக்குது. ஆனா நான் பாக்கலையே. பாக்காதத எப்டி மேடம் பாத்தேன்னு காட்றது?”

“காட்டக்கூடாது” என்றார் மேடம்.

“நாளைக்கு நான் வரல மேடம். தெருவுல காசு வாங்கிட்டான்னுவாங்க. வூட்டாண்ட டீக்கடைல பேசுறது என் பையன் காதுல வுழும்.”

“நாளைக்கு இவர் முறை எந்த ஆட்டத்துல வருது கோமதி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

“டபுள்ஸ் ஃபைனல் மேடம். பேஸ்லைன்.”

“அப்போ அங்கதான்.”

தயாளன் போன பிறகு நான் மேடத்திடம் வாதாடினேன். வேறு ஆட்டத்தில் போடலாம், ஆதித்யா ஆடுகிற மைதானத்திலேயே எதற்கு, கூட்டம் சும்மா விடாது, ஆதித்யாவே ஆட்சேபித்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொன்னேன்.

“அவர் முறை அங்க வருது. நான் மாத்தினா அது தண்டனை. செய்யாத தப்புக்கு நான் தண்டனை குடுக்கணுமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குப் பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு மேடம்.”

“எனக்கும் இருக்கு. அவருக்கு நம்ம ரெண்டு பேரையும் விட அதிகமா இருக்கும். வருவாரான்னு பார்ப்போம்.”

அன்றிரவு ரெஃப்ரீயிடமும் புகார் போயிருக்கிறது. ஆட்களை நிறுத்துவது சீஃபின் வேலை என்று சொல்லி அவர் விலகிக்கொண்டாராம்.

மறுநாள் தயாளன் வந்தார். சட்டையை மொடமொடப்பாகத் தேய்த்துப் போட்டிருந்தார். மேடம் எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் கேட்டார்.

“தூங்கினீங்களா?”

“இல்ல மேடம். சுத்தமா தூங்கல.”

நான் மேடம் முகத்தைப் பார்த்தேன். தூங்காதவரை அவர் நிறுத்தியதில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“கண்ணு எரியுதா?”

“எரியல.”

“எரிஞ்சா சொல்லுவீங்களா?”

“சொல்வேன் மேடம்.”

“அது எனக்குத் தெரியும். போங்க.”

லைன் அம்பயர்கள் வரிசையாகத்தான் மைதானத்துக்குள் நடப்பார்கள். அன்றைக்கு அந்த வரிசை வாசலைத் தாண்டியதுமே கூச்சல் ஆரம்பித்துவிட்டது. ‘குருடன்’ என்று ஒரு பக்கம் முழுக்கக் கத்தியது. வரிசையில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தயாளன் நேராக நடந்தார். மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறவர் மாதிரி நடந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டைப் பார்த்தார்.

ஆதித்யாவும் அவனுடைய ஜோடியும் ஆடினார்கள். ஜோடி கோயம்புத்தூர்ப் பையன், முன்கோபக்காரன். முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவது செட்டின் முடிவில் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை அவர்களுடையது என்ற நிலை வந்தது. ஆதித்யா அடித்தான். பந்து எதிர்ப்பக்கத்தின் கடைசிக் கோட்டை நோக்கி ஆழமாகப் போனது. தயாளனுடைய கோடு. எதிரணியில் ஒருவர் அவர் கண்ணெதிரே பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

தயாளன் முன்பக்கம் சாய்ந்தார். நான் பார்த்தேன்.

“அவுட்!”

ஒரே சொல். கை பக்கவாட்டில் நீண்டு, இரும்புக் கம்பி மாதிரி நின்றது.

ஸ்டேடியம் இரண்டாவது நாளாக வெடித்தது. நேற்று நடந்ததே மறுபடி நடக்கிறது என்று நினைத்தேன். கோயம்புத்தூர்ப் பையன் மட்டையை வீசிவிட்டு சேர் அம்பயரிடம் போகத் திரும்பினான். சேர் அம்பயர் என்ன செய்வார், கூட்டம் என்ன செய்யும், எதுவும் என் கையில் இல்லை. மேடம் எனக்கு எதிர் மூலையில் நின்றிருந்தார். சிலுவை போட்டுக்கொண்டது தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஆதித்யா எட்டி அவன் சட்டையைப் பிடித்தான். துண்டு எடுக்க அவர்கள் என் மூலைக்குத்தான் வர வேண்டும். பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான்.

“விடுடா என்னை. நேத்து உன்னைக் கவுத்தான், இன்னிக்கும் கவுக்குறான், நீ சும்மா நிக்குற!”

“டேய், நேத்து அவர் என்ன பண்ணார்? பார்க்கலன்னு சொன்னார். அத்தனை பேர் கத்தும்போது பார்க்கலன்னு சொன்னவர்டா அவர். இன்னிக்கு பார்த்தேன்னு சொல்றார். அப்போ பார்த்திருக்கார். பந்து வெளியதான். வா, அடுத்தது ஆடலாம்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேர் அம்பயரைப் பார்த்துக் கையை உயர்த்தி, சரி என்று தலையாட்டினான். அதைப் பார்த்துக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

முந்தின நாள் தன் வாழ்க்கையின் பெரிய வெற்றியை அந்த மனிதரால் இழந்த இருபது சொச்சம் வயதுப் பையன். ராத்திரி முழுக்க அவன் என்ன யோசித்திருப்பான்? யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியுமா இதை? நான் அத்தனை வருடம் நின்ற மைதானங்களில் எத்தனையோ அற்புதமான ஆட்டங்களைப் பார்த்தேன். எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

அந்த செட் கைவிட்டுப் போனாலும், செட்டுகள் சமமானால் கடைசியாக ஆடுகிற தீர்மான ஆட்டத்தில் ஆதித்யாவும் ஜோடியும் ஜெயித்தார்கள். அந்தப் பந்து வெளியே விழுந்ததைத் தொலைக்காட்சியில் பிறகு காட்டினார்களாம். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆனால் அந்தத் தீர்மான ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. செட் முடிந்த இடைவேளையில் லைன் அம்பயர்கள் சிலர் வெளியே வந்தார்கள். தயாளன் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். இன்னும் சில நிமிடத்தில் திரும்ப உள்ளே போக வேண்டும்.

“மேடம், அவுட்டு குடுத்தேனே, அப்போ அந்தப் பசங்க ரெண்டு பேரும் உங்காண்ட நின்னுக்கினு பேசுனாங்களே. இன்னா சொன்னாங்க?”

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஃபிலோமினா மேடம் குறுக்கே வந்தார்.

“தயாளன், நீங்க உள்ள வரும்போது அவங்க குருடன்னு கத்தினதைக் காதுல வாங்கினீங்களா?”

“வாங்கல மேடம்.”

“அப்போ இதுவும் வேண்டாம். உள்ள போங்க.”

தயாளன் போய்விட்டார். எனக்கு மேடம் மேல் கோபம் வந்தது. இரண்டு நாளாக வசவு மட்டுமே கேட்டவருக்கு ஒரு நல்ல வார்த்தை போய்ச் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? ஆட்டம் முடிந்த பிறகாவது சொல்லலாம் என்று கேட்டேன். “அவர் இந்த வேலையில இருக்கிற வரைக்கும் வேண்டாம்” என்றார். அவர் சொன்னதை நான் மீறியதில்லை. மேடத்துக்குப் பிறகு நானே சீஃப் ஆனேன். தயாளன் எத்தனையோ வருடம் எனக்குக் கீழ் பேஸ்லைனில் உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

போன வருடம் ஃபிலோமினா மேடம் காலமானார். சாந்தோமில் அடக்கத் திருப்பலிக்குப் போயிருந்தேன். தயாளன் ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார்; ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, அங்கே மகனோடு இருக்கிறார். எல்லாம் முடிந்து வெளியே வந்து, கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையில் நின்றோம். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டோம். வேண்டாம் என்று சொன்னவரும் இல்லை. சொன்னேன். ஆதித்யா தன் ஜோடியிடம் சொன்னதை, நினைவிருக்கிறபடி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

தயாளன் கையிலிருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

“நல்ல வேள மேடம், அன்னிக்கு சொல்லாம வுட்டீங்க” என்றார். “கேட்டிருந்தேன்னா, அதுக்கு அடுத்த பந்த நான் பாத்திருக்க மாட்டேன். அத நெனச்சிக்கினே உக்காந்திருப்பேன்.”

நான் தலையாட்டினேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தபா சொல்லுங்க மேடம்.”

சொன்னேன்.